மச்சான் கையில் கயிறு

எனக்கு மீன் ஆகாது. தூத்துக்குடியில், அதுவும் கடலோரத்துக் கத்தோலிக்க வீட்டில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சின்ன வயதில் குசினியில் அம்மா சாளை மீனை அலச ஆரம்பித்ததுமே எனக்கு வயிற்றைப் புரட்டும்; மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவேன். இப்போது வயது ஐம்பத்திரண்டு, இன்னும் அப்படித்தான். நேற்று மதியம் காவலில் வாங்கிக் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தில் கருவாட்டுத் துண்டு கிடந்தது, அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை, மாஜிஸ்திரேட் மேடம். என்னைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது என்று தோன்றியது.

யோசித்துப் பார்க்க ஒரு நாள் அவகாசம் கொடுத்தீர்கள். வாக்குமூலம் தர வேண்டிய கட்டாயம் இல்லை, தந்தால் அது எனக்கு எதிராகவே நிற்கும் என்று இரண்டு தடவை சொன்னீர்கள். புரிந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. என் பெயர் விக்டர், நெஞ்சக மருத்துவர். என் தங்கை விஜிலாவின் கணவர் ஜாய்சன், நாற்பத்தாறு வயது, திரேஸ்புரத்தில் கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற குளியாளி, இரண்டு மாதத்துக்கு முன்பு நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அந்த நோய் எனக்கு எப்போது தெரியும் என்பதுதான் கேள்வி. மூன்று வருஷத்துக்கு முன்பே தெரியும். அப்போது அது பதினொரு மில்லிமீட்டர், ஒரு கொண்டைக்கடலை அளவு. அந்த அளவில் அறுத்து எடுத்தால் பத்தில் எட்டு ஒன்பது பேர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

ஜாய்சன் ஏன் வேறு டாக்டரிடம் போகவில்லை என்று போலீஸ்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள், அவர்களுக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கம் குளிக்கு இறங்குகிறவனின் கயிற்றைக் கூடப்பிறந்தவன் பிடிப்பதில்லை. பெண் கொடுத்த வீட்டு மச்சான்தான் பிடிப்பான். தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்பது கணக்கு. இப்போது கம்ப்ரசர் வந்துவிட்டது, படகில் எஞ்சின் ஓட, குழாய் வழியாகக் காற்று கீழே போகிறது. ஆனாலும் இடுப்பில் கயிறு உண்டு, கீழிருந்து அதைச் சுண்டி இழுப்பதை வெட்டு என்போம். ஒரு வெட்டு வெட்டினால் சங்குப் பையை ஏற்று, இரண்டு வெட்டு வெட்டினால் ஆளை ஏற்று.

கல்யாணம் முடிந்த பிறகு வருகிற முதல் குளிக்கு, மச்சான் டாக்டரானாலும் கலெக்டரானாலும் படகில் ஏறித்தான் ஆக வேண்டும். நானும் ஏறினேன். டீசல் புகையும், படகின் அடியில் கிடந்த பழைய சங்குச் சதையின் நாற்றமும் சேர்ந்து குடலைப் பிடுங்கிவிட்டது. குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது கையில் இரண்டு வெட்டு வந்தது. வாயைத் துடைத்துவிட்டுத்தான் இழுத்தேன். ஜாய்சன் கண்ணெல்லாம் சிவந்து மேலே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

"லேட்டானாலும் இழுத்துட்டீயள்ளா மச்சான். அது போதும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வீடு கட்ட எந்தப் பக்கம் வாசல் வைப்பது, மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, மரியாதைக்கு ஒரு குறைவும் வைத்ததில்லை. அந்த மரியாதை எனக்கு ஒரு மாதிரி பிசுபிசுப்பாக இருக்கும், கையைக் கழுவ வேண்டும் போல.

நான் வெளிநாட்டில் இரண்டு வருஷம் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். ஊருக்கு வந்ததும் சொந்தச் செலவில் ஒரு சின்ன ஆய்வகம் வைத்தேன். ஜெப்ஸி என்று ஒரு பெண் டெக்னீஷியனாக இருந்தாள், கெட்டிக்காரி. கம்ப்ரசர் காற்றில் எஞ்சின் புகை கலந்து போகிறது, குளியாளிகளின் நுரையீரலைப் பார்க்க வேண்டும் என்று நாற்பத்திரண்டு பேருக்கு இலவசமாக ஸ்கேன் எடுத்தேன். பங்குச் சாமியார் பூசையில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். நாற்பத்தொரு பேருக்கு ஒன்றும் இல்லை. ஜாய்சனுக்கு வலது பக்கம் மேலே அந்தக் கொண்டைக்கடலை. ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்து, சாயம் ஏற்றிப் பார்த்தேன். புற்றுநோய்தான், ஆரம்ப நிலை.

இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கட்டி வளராமல் அடக்கி வைக்கிற புரதங்கள் சில இருக்கின்றன. அதில் ஒன்று எல்.கே.பி.1. வீட்டில் அரிசி குறைந்தால் உலையில் அளவாகப் போடு என்று சொல்கிற குடும்பத்தலைவி மாதிரி, செல்லுக்குத் தீனி குறைந்தால் செலவைக் குறை, பெருகாதே என்று அது சொல்லும். அது போய்விட்டால் அந்தச் செல்லுக்குப் பசியும் தெரியாது, நிறைவும் தெரியாது. சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், பெருகிக்கொண்டே இருக்கும். புரதம் முதலில் போய்ப் பிறகு தீனி மாறுகிறதா, தீனி மாறிய பிறகு புரதம் போகிறதா என்பது எனக்குத் தெரிந்தவரை யாரும் நேரில் கண்டதில்லை. எப்படிக் காண்பார்கள்? ஆரம்ப நிலைக் கட்டி என்று தெரிந்த அன்றைக்கே அறுத்து எறிந்துவிடுகிறார்கள். ஜாய்சனின் துணுக்கில் முக்கால்வாசிச் செல்களில் புரதம் பழுப்பாகத் தெரிந்தது, கால்வாசியில் காணவில்லை. அது அப்போதுதான் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கண்ணாடித் தகட்டை விடியும் வரை திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஜாய்சனிடம் பழைய காசநோய்த் தழும்பு என்று சொன்னேன். சின்ன வயதில் அவருக்குக் காசநோய் வந்ததில்லை. ஆனால் டாக்டர் சொன்னால் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"தழும்புதான மச்சான், பொறவு என்ன? குளிக்குப் போவலாமா?"

"போகலாம் மாப்ளே. ஆனா மூணு மாசத்துக்கொருக்க என்கிட்ட வந்திரணும்."

வந்தார். ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுப்பேன். அதைச் சின்னக் குப்பியில் போட்டு, தேதி எழுதி, மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் வைப்பேன். ஒரு தடவை காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிவிட்டது. விலாவில் குழாய் போட்டு நான்கு நாள் படுக்க வைத்தேன், செலவெல்லாம் என்னுடையது. மதுரையில் பெட் ஸ்கேன் எடுக்க வைப்பேன். லேசாகக் கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஏற்றினால், எந்த இடம் அதிகம் தின்கிறதோ அது திரையில் எரியும். புற்றுநோய் தெரிந்து என் சிகிச்சையில் இருக்கிறார் என்று எழுதி அனுப்புவேன். ரிப்போர்ட் என் பெயருக்கு வரும், அங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை.

நான் அவர்கள் வீட்டுக்குப் போவது குறைவு. கொல்லையில் சங்கைக் குவித்துச் சாக்குப் போட்டு மூடியிருப்பார்கள். உள்ளே இருக்கிற சதை அழுகிக் கழன்று விழுகிற வரைக்கும் அப்படியே கிடக்கும். ஈ அடைந்து, தெருமுனை வரை நாறும். நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு போனால் ஜாய்சனுக்குச் சிரிப்பு.

"அழுவ விட்டாத்தான் மச்சான் சங்கு வெள்ளையா வரும். அவசரப்பட்டுக் குத்தி எடுத்தா சங்குதான் உடையும்."

அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். எனக்கு அது மனதில் நின்றது. அவரே ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

இரண்டாவது வருஷம் தீனியை நான் கையில் எடுத்தேன். உடன்குடியிலிருந்து நல்ல கருப்பட்டியாக இருபது கிலோ வாங்கி அனுப்பினேன். உடம்புக்குத் தெம்பு, தினமும் மூன்று வேளை கருப்பட்டிக் காப்பி கொடு, சோற்றுக்குப் பிறகு ஒரு துண்டு கடிக்கக் கொடு என்று விஜிலாவிடம் சொன்னேன். அண்ணன் அனுப்பியது என்று அவள் ஒரு வேளை தவற விடவில்லை. மூன்று மாதம் கழித்துத் துணுக்கு எடுத்தேன். பிறகு தவக்காலம் வந்தது. ஜாய்சனுக்கு அப்போது இருமல் ஆரம்பித்திருந்தது. நாற்பது நாளும் ஒரு வேளைச் சாப்பாடு, இனிப்பைத் தொடக்கூடாது, மாதாவுக்கு நேர்ச்சை வைத்துக்கொள்ளுங்கள், இருமல் போய்விடும் என்று நான்தான் சொன்னேன். நான் கோயிலுக்கே அவ்வளவாகப் போகாதவன். இவனே சொல்கிறானே என்று அவர்களுக்கு ஆச்சரியம், சந்தோஷம். தவக்காலம் முடிந்து, பாஸ்காவுக்கு மறுநாள் துணுக்கு எடுத்தேன்.

மனிதர் ஏழு கிலோ இளைத்திருந்தார். கட்டி ஒரு இம்மியும் இளைக்கவில்லை. நிறையத் தின்ற மாதங்களில் எப்படித் தின்றதோ, பட்டினி கிடந்த மாதத்திலும் அப்படியே தின்றிருந்தது. கன்னம் ஒட்டி, விலா எண்ணுகிற மாதிரி ஆன உடம்புக்குள் அது மட்டும் கொழுத்து உட்கார்ந்திருந்தது. எனக்கு அதைப் பார்க்க அருவருப்பாக இருந்தது, மேடம், உண்மையாகவே. வீட்டுக்காரன் பட்டினி கிடக்கும்போது அவன் கலத்திலேயே கைபோட்டுத் தின்கிற விருந்தாளியை என்ன சொல்வது? அப்படி ஒரு கூச்சமில்லாத பிறவியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

விடையும் கிடைத்துவிட்டது. புரதம் முதலில் போகிறது, தீனி பிறகுதான் மாறுகிறது. அந்தத் தேதியில் கட்டி பத்தொன்பது மில்லிமீட்டர், வேறெங்கும் பரவவில்லை. அன்றைக்கும் அறுத்திருக்கலாம். நானே அதை நினைத்துப் பார்த்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சென்னையில் எனக்குத் தெரிந்த சர்ஜன் ஒருவர் இருக்கிறார். ஆனால் ஒரு தடவை கண்டதை மறுபடியும் காணாமல் எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். பரவுகிற சமயத்தில் அந்தப் புரதம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. ஃபோனை வைத்துவிட்டேன். மேலும் இருபது கிலோ கருப்பட்டிக்குச் சொன்னேன்.

விஜிலாவுக்குச் சந்தேகம் வந்தது உண்மை. பக்கத்து வீட்டு ஈவாஞ்சலின் ஏதோ சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காதில் விழுகிற மாதிரியே புருஷனிடம் சொன்னாள்.

"நாகர்கோயில்ல ஒரு டாக்டர் இருக்காராம். ஒருக்க காட்டிட்டு வருவோமே. நாளுக்கு நாள் உருகுதீயளே."

"ஏளா, ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? ஒங்கண்ணன் கையில கயிறு இருக்கு. இன்னொருத்தன்ட்டப் போயி நீ புடின்னு சொன்னா அவுகளுக்கு எப்புடி இருக்கும்? பேசாம கெட."

அந்த வாரமே ஒரு காகிதம் தயார் செய்தேன். எனக்குப் புற்றுநோய் இருப்பதை டாக்டர் விளக்கினார், அறுவை சிகிச்சை வேண்டாம் என்று என் சொந்த விருப்பத்தில் மறுக்கிறேன் என்று ஜாய்சன் சொல்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். தேதியை இரண்டு வருஷம் முன்னால் போட்டிருந்தேன். இன்சூரன்ஸ் பாரம் என்றேன். ஜாய்சன் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். சாட்சி என்ற இடத்தில் விஜிலா போட்டாள். அவள் பத்தாவது வரை படித்தவள், நின்று படித்திருந்தால் நாலு வார்த்தை புரிந்திருக்கும். அண்ணன் காட்டிய இடத்தில் போட்டுவிட்டு, பேனாவை மூடி என் சட்டைப் பையில் வைத்தாள்.

கடைசி ஆறு மாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எலும்பில் பரவியது, பிறகு மூளையில். அப்போதுதான் புற்றுநோய் என்று சொன்னேன், திடீரென்று வந்துவிட்டது என்றேன். சளியில் இரத்தம் வரும், ஒரு புளித்த வாடை அடிக்கும். முகக்கவசத்தை இரண்டாகப் போட்டுக்கொண்டுதான் பக்கத்தில் போவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பார்க்கப் போயிருந்தேன். விஜிலா அழுது அழுது மறந்துபோய், எனக்குக் கோழிக்குப் பதிலாகச் சீலா மீன் குழம்பை ஊற்றிவிட்டாள். அந்த நேரத்தில் அவள் மனதைப் புண்படுத்தக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். அந்த வீட்டில் நான் மனசாட்சிக்கு விரோதமாகச் செய்தது அது ஒன்றுதான். வெளியே வந்து, கோயில் மதிலோரம் நின்று, எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன்.

ஜாய்சன் என் ஆஸ்பத்திரியில்தான் இறந்தார். காலை பத்தே கால் மணி. பேச்சு நின்று மூன்று நாள் ஆகியிருந்தது. நாடி பார்க்கக் கையைப் பிடித்திருந்தேன். அவர் விரல்கள் என் விரலைப் பற்றி, இரண்டு வெட்டு வெட்டின. முதலில் தசைத் துடிப்பு என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் இரண்டு. கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பதினான்காவது துணுக்கை முந்தின நாளே எடுத்துவிட்டிருந்தேன், அதனால் அன்று எனக்கு வேறு வேலை இல்லை. தலைமாட்டில் விஜிலா என் காலைக் கட்டிக்கொண்டு, "அண்ணே, கடைசி வர நீங்க விடலியே" என்று கதறினாள். அவள் கண்ணீரும் மூக்குச் சளியும் என் பேண்ட்டில் ஒட்டியது. போய் மாற்றிக்கொண்டேன்.

விஷயத்தை வெளியே கொண்டுவந்தது ஜெப்ஸி. குப்பிகளில் பெயர் கிடையாது, ஜே-1, ஜே-2 என்று வரிசை எண்தான் எழுதியிருப்பேன். பதினான்காவது குப்பியை நான் அவசரத்தில் ஆஸ்பத்திரி நம்பரோடு வைத்துவிட்டேன். இறந்தவரின் நம்பர் அது என்று அவள் கண்டுபிடித்து, பழைய கண்ணாடித் தகடுகளை எடுத்துப் பார்த்திருக்கிறாள். முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு கறுப்புச் சேலையில் விஜிலாவைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். விஜிலா ஆய்வக ஃப்ரீசரைக் கையால் காட்டிக் கேட்டாள்.

"இதுல மொத டப்பா எது?"

எடுத்துக் காட்டினேன். பனி படிந்திருந்ததை அவள் பெருவிரலால் துடைத்துத் தேதியைப் படித்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தின ஆகஸ்ட் நாலு.

"மறுநா பனிமய மாதா திருநா. எங்க வீட்டுலதான சாப்ட்ட? உனக்குன்னு நாட்டுக்கோழி அடிச்சேனே. அவரு கோழி காலைப் புடிச்சிக்கிட்டு நின்னாரே, அறுக்கதுக்கு. அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அவள் அப்படியே திரும்பி, ஆய்வகத் தொட்டியில் வாந்தி எடுத்தாள். அந்தத் தொட்டி ரசாயனம் கழுவுவதற்கு, அதில் அப்படியெல்லாம் செய்யக்கூடாது. நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு என் முகத்தில் துப்பினாள்.

"சீ. நாறுதியலே நீ. அழுவுன சங்குகூட இப்புடி நாறாது."

இப்போது அவள் ஒரு மனு கொடுத்திருக்கிறாள். பதினான்கு குப்பிகளும் தன் புருஷன் உடம்பு, அவர் கல்லறையைத் திறந்து அதில் வைக்க வேண்டும் என்று கேட்கிறாள். அதனால்தான் நான் பேசுகிறேன், மேடம். என் வக்கீல் அந்தக் காகிதம் ஒன்றே போதும், கையெழுத்து உண்மை, சாட்சி அவளே, வழக்கு நிற்காது என்கிறார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் வழக்கு இல்லையென்றால் குப்பிகள் அவளுக்குப் போய்விடும், மண்ணில் கிடந்து அரை நாளில் உருகி வீணாகிவிடும். வழக்கு இருந்தால் அவை சான்றுப் பொருள், மைனஸ் எண்பதில் வைத்தே ஆக வேண்டும், ஜெனரேட்டரோடு. எத்தனை வருஷம் வழக்கு நடந்தாலும் நல்லதுதான். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். காகிதம் பொய், தழும்பு பொய். பதினொரு மில்லிமீட்டரிலும் பத்தொன்பது மில்லிமீட்டரிலும் அவரைக் காப்பாற்ற என்னால் முடிந்திருக்கும், தெரிந்தே காப்பாற்றவில்லை. ஜாய்சனைச் சாகடித்தது நான்.

இதை வாசித்துக் காட்டினால் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம் உண்டு. விஜிலா தன் புகாரில், எங்கள் அண்ணன் கயிற்றை விட்டுவிட்டான் என்று எழுதியிருக்கிறாள். அது உண்மையில்லை, அதை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். மூன்று வருஷமும் கயிறு என் கையில்தான் இருந்தது, ஒரு நாள்கூட நான் அதை விட்டதில்லை.